வெளியே வந்த புழுவும் உள்ளே இருக்கும் புழுவும்

ஆடு வளர்ப்பில் குடற்புழு நீக்கம் பற்றித் தமிழில் என்னென்ன சொல்லப்படுகிறது என்று பார்ப்பதற்காக, கையேடுகளையும் வீடியோக்களையும் இரண்டு மாதமாகத் தொடர்ந்து பார்த்து வந்தேன். எல்லாமே இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். முதல் வகை: வேப்பங்கொழுந்து ஒரு கைப்பிடி, தும்பை ஒரு கைப்பிடி, பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், பாகற்காய், எல்லாவற்றையும் அரைத்து வெல்லத்தோடு உருட்டிக் கொடுத்தால் புழு அத்தனையும் போய்விடும், பக்க விளைவே கிடையாது. இரண்டாவது வகை ஒரு அட்டவணை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கொட்டிலில் இருக்கும் எல்லா ஆட்டுக்கும், மருந்தை மாற்றி மாற்றி ஊற்று. முதல் கட்சி இரண்டாவதை ‘விஷம்’ என்கிறது. இரண்டாவது முதலாவதை ‘பாட்டி வைத்தியம்’ என்று சிரிக்கிறது.

இந்தச் சண்டையில் யார் பக்கம் என்று என்னையும் கேட்டார்கள். எனக்கு இரண்டு கட்சியிடமும் இருப்பது ஒரே கேள்விதான். கொடுத்த பிறகு புழு குறைந்ததா என்று எப்படிங்க தெரிஞ்சுக்கிட்டீங்க? நான் பார்த்தவற்றில் இதற்குப் பதில் சொன்னவை மிக மிகக் குறைவு. கஷாயக்காரர் எண்ணிப் பார்க்கவில்லை, அட்டவணைக்காரரும் எண்ணிப் பார்க்கவில்லை. என் விமர்சனம் முழுக்க இந்த இடத்தைச் சுற்றித்தான்.

முதலில் எந்தப் புழுவைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘குடற்புழு’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஆட்டின் வயிற்றுக்குள் இருப்பவை பல சாதி. வெள்ளாட்டையும் செம்மறியையும் சாகடிப்பதில் முதலிடத்தில் இருப்பது ஹீமோன்கஸ் கன்டார்டஸ் என்ற புழு. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம், நூல் போன்ற உடம்பு. அசைபோடும் விலங்குகளுக்கு இருக்கும் நான்கு இரைப்பைகளில் நான்காவதில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். இரத்தம் நிறைந்த குடலும் வெள்ளைக் கருப்பையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதால் பெண் புழு சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு போலத் தெரியும். ஒரு புழுவால் ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் போகும். கேட்க அற்பமாக இருக்கிறதா? ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 20 கிலோ வெள்ளாட்டின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம்தான். தினமும் 50 மில்லி போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெண் புழு ஒன்று ஒரே நாளில் ஐயாயிரம் முட்டைக்கு மேல் இடும். முட்டையெல்லாம் புழுக்கையோடு வெளியே வந்து, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்துக்கு வளர்ந்து, புல்லின் மேல் ஏறிக் காத்திருக்கும். ஆடு மேய்ந்து உள்ளே போன மூன்று வாரத்தில் அது முட்டையிடத் தயார். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேற்றுவரை நன்றாக இருந்த ஆடு தாடை வீங்கிப் படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் இந்தச் சுழற்சிதான் காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்தப் புழு செத்தாலும் புழுக்கையில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல அடி நீளக் குடலைக் கடந்து வருவதற்குள் செரித்துச் சிதைந்துவிடும்.

அப்படியானால் வீடியோக்களில் ‘பாருங்க, எவ்வளவு புழு வெளிய வருது’ என்று காட்டுகிறார்களே, அது என்ன? அநேகமாக அது மொனீசியா என்ற நாடாப்புழுவின் துண்டுகள். வெள்ளை வெளேரென்று, சோற்றுப்பருக்கை போலவோ ரிப்பன் போலவோ இருக்கும். குட்டிகளில் அதிகம். மருந்து எதுவும் கொடுக்காவிட்டாலும் அதன் துண்டுகள் தானாகவே புழுக்கையோடு வந்துகொண்டிருக்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் பெரும்பாலும் ஆட்டுக்குப் பெரிய கெடுதல் செய்யாத புழு அது. ஆக, கண்ணுக்குத் தெரிகிற புழு ஆட்டைக் கொல்வதில்லை, கொல்கிற புழு கண்ணுக்குத் தெரிவதில்லை. இது ஒன்று புரிந்துவிட்டால் இந்த வீடியோக்களின் ‘ஆதாரம்’ முக்கால்வாசி கரைந்துவிடும். இதே மயக்கம் எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. ‘டாக்டர் கொடுத்த மருந்துல ஒரு புழுகூட வெளிய வரலை, மருந்து டூப்பு’ என்று சொல்பவர்களையும் கேட்டிருக்கிறேன். மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கலாம், வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

மடிநோய் விஷயம் வேறு. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியமே பரப்புகிறது. அதில் வீக்கம் வடிவதும், பால் தெளிவதும் கறப்பவர் கண்ணிலும் கையிலும் படும். பலன் இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். அந்த முறைக்குக் கிடைத்த நல்ல பெயரை அப்படியே எடுத்துப் புழு உருண்டைக்கும் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு மூலிகை மடியில் வேலை செய்தது என்பதால் இன்னொன்று இரைப்பையில் வேலை செய்யும் என்று ஆகிவிடாதே.

சரி, ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, ஏராளமாக. குப்பைமேனி, வேம்பு, பிரண்டை, தும்பை என்று எந்தச் செடியை எடுத்தாலும் அதற்குப் புழுக்கொல்லித் தன்மை உண்டு என்று ஒரு கட்டுரை கிடைத்துவிடும். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நடந்தவை. அறுப்புக்கூடத்திலிருந்து புழுவைக் கொண்டுவந்து, இலைச்சாறு கரைத்த நீரில் போட்டு, எத்தனை மணி நேரத்தில் அசைவு நிற்கிறது என்று பார்ப்பது. சாற்றின் அளவு ஒரு மில்லிக்கு 25, 50 மில்லிகிராம் என்றெல்லாம் வரும். இதை ஆட்டுக்குள் கொண்டுபோய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்காவது இரைப்பைக்குப் போகும் முன் எதுவும் முதல் இரைப்பையில் கலந்தாக வேண்டும். 20 கிலோ ஆட்டுக்கு அதில் இரண்டு லிட்டர் நீர்மம் என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். அங்கே மில்லிக்கு 50 மில்லிகிராம் வேண்டுமென்றால் 100 கிராம் உலர்ந்த சாறு வேண்டும். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறு தேறுவதாகக் கொண்டால் ஒரு கிலோ காய்ந்த இலை. அந்த ஆடு ஒரு நாளில் தின்னும் மொத்தத் தீவனத்தின் உலர் எடையே அவ்வளவு வராது! நாம் கொடுப்பதோ எலுமிச்சை அளவு உருண்டை. இத்தனைக்கும் முதல் இரைப்பையில் இருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அந்தச் சாற்றையும் தீவனமாகவே எண்ணிச் சிதைக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க: ஐவர்மெக்டின் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம், அதாவது இந்த ஆட்டுக்கு மொத்தமே 4 மில்லிகிராம்.

உயிருள்ள ஆட்டிலேயே சோதித்த ஆய்வுகள் குறைவு, முடிவுகளும் அவ்வளவு உற்சாகமானவை அல்ல. வெள்ளாடுகளிலும் செம்மறிக் குட்டிகளிலும் பூண்டையும் பப்பாளியையும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. இரண்டும் புழுவைக் கட்டுப்படுத்தவில்லை என்பதை அதன் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். பிரேசிலில் செம்மறிகளுக்கு உலர்ந்த வேப்பிலை கொடுத்த ஆய்விலும் பலன் இல்லை. ஆனால் இந்தோனேசியாவில் பன்றிகளுக்குப் பப்பாளிப் பால் கொடுத்தபோது, அளவு கூடக்கூட உருளைப்புழு குறைந்தது. பன்றிக்கு அசைபோடும் இரைப்பை கிடையாது, புழுவும் வேறு. ‘பப்பாளி புழுவைக் கொல்லும்’ என்ற ஒரே வாக்கியம் பன்றிக்கு ஓரளவு உண்மையாகவும் ஆட்டுக்கு உதவாததாகவும் இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதையெல்லாம் வைத்து ‘செடியில் ஒன்றும் இல்லை’ என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரலாறு அப்படி இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செம்மறி வளர்க்கும் நாடுகளில் மயில்துத்தத்தோடு நிக்கோடின் சல்பேட் கலந்து ஊற்றுவதுதான் ஆங்கில மருத்துவம். நிக்கோடின் எங்கிருந்து வந்தது? புகையிலை. பிற்பாடு வந்த லெவாமிசோல் புழுவின் நரம்பில் எந்த ஏற்பியைப் பிடிக்கிறதோ, நிக்கோடின் பிடிப்பதும் அந்த வகை ஏற்பியைத்தான். நியூசிலாந்தில் நாய்களின் நாடாப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தில் பல காலம் பயன்பட்ட அரிகோலின் நம்ம கொட்டைப்பாக்கில் இருப்பது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் லெஸ்பெடிசா என்ற பயறுவகைச் செடியைத் தீவனத்தின் பெரும்பங்காக வாரக்கணக்கில் கொடுத்தால் ஹீமோன்கஸ் முட்டை எண்ணிக்கை குறைவதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் காரணம். ஐவர்மெக்டினை எல்லாரும் ‘கெமிக்கல்’ பட்டியலில் முதலில் வைக்கிறார்கள். அது ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. அதைக் கண்டறிந்ததற்காக 2015இல் கேம்பெல்லும் ஓமுராவும் நோபல் பரிசு வாங்கியபோது கூடவே பரிசு வாங்கியவர் தூ யூயூ. மலேரியாவுக்கு ஒரு மூலிகையிலிருந்து மருந்து எடுத்தவர். ஒரே மேடைதான். இயற்கை, செயற்கை என்ற கோட்டை எங்கே போடுவீர்கள்?

செடியிலிருந்து வந்து வேலை செய்தவை எல்லாவற்றிலும், எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாள் என்று யாரோ உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள். ‘ஒரு கைப்பிடி’ என்பதில் அது இல்லை. யார் கை, எந்தப் பருவத்து இலை? அளவு தெரியாதபோது ‘பக்க விளைவே இல்லை’ என்ற உறுதி மட்டும் எங்கிருந்து வருகிறது? புகையிலைக் கரைசலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் ஆடு துடித்துச் செத்துவிடும். அதுவும் இயற்கைதான்.

இனி அட்டவணைக் கட்சி. இவர்கள் மேல் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல் என்றே சொல்லலாம். இவர்களுக்கு அறுபது வருடப் பாடம் கண்முன்னால் இருக்கிறது. தையபெண்டசோல் 1961இல் சந்தைக்கு வந்தது, 1964இலேயே அதற்கு அடங்காத ஹீமோன்கஸ் பதிவாகிவிட்டது. 1981இல் வந்த ஐவர்மெக்டினுக்கும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் எதிர்ப்பு வந்தது. மோனிபாண்டல் என்ற புத்தம் புதிய மருந்து 2009இல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்து, 2013இல் அதே நாட்டு வெள்ளாட்டுப் பண்ணை ஒன்றில் தோற்றதாகக் கட்டுரை வந்தது. தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் அல்பெண்டசோல் குடும்பத்து மருந்துகளுக்கு எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. இருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லா ஆட்டுக்கும்!

எதிர்ப்பு எப்படி உருவாகிறது என்பது சிக்கலான விஷயம் இல்லை. எல்லா ஆட்டுக்கும் ஊற்றும்போது மருந்துக்குத் தப்பிய புழு மட்டும் மிஞ்சும், அதன் முட்டை மட்டுமே மேய்ச்சல் நிலத்தில் விழும். சில ஆடுகளை விட்டுவிட்டால், அவற்றிலுள்ள மருந்துக்கு அடங்கும் புழுக்களும் முட்டையிட்டு அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டே இருக்கும், எதிர்ப்புப் புழு பெரும்பான்மை ஆக நாளாகும். மருந்து ஊற்றியதும் புது மேய்ச்சலுக்கு ஓட்டு என்று சில கையேடுகள் சொல்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் புதுநிலத்தில் எதிர்ப்புப் புழுவின் முட்டையை மட்டும் விதைப்பதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

வெள்ளாட்டுக்கு இன்னொரு அநியாயமும் நடக்கிறது. வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். அதனால் பல மருந்துகள் அதற்குச் செம்மறி அளவைப் போல ஒன்றரை மடங்கு, சிலவற்றில் இரண்டு மடங்குகூடத் தேவைப்படும். எது எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்லணும், ஏனென்றால் லெவாமிசோல் போன்றவற்றில் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. நடைமுறையில் என்ன? சீசாவில் அச்சடித்திருக்கும் செம்மறி அளவு, அதுவும் எடை போடாமல் கண்மதிப்பில். 28 கிலோ ஆட்டை 20 கிலோ என்று நினைத்து ஊற்றுகிறோம். புழுவைக் கொல்லாமல் பழக்கப்படுத்துவதற்கு இது நல்ல பயிற்சி. ஐவர்மெக்டின் சாணத்தோடு வெளியேறி சாணவண்டுகளின் புழுப் பருவத்தைக் கொல்கிறது என்பது 1987லிருந்தே பேசப்படுகிறது. இயற்கை விவசாயிகளின் கோபத்தில் இந்தப் பகுதி முழுக்க நியாயமானது.

இந்த இரண்டு கட்சிக்கும் வெளியே ஒரு வழி 1990களிலேயே தென்னாப்பிரிக்காவில் கிடைத்துவிட்டது. ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவர், ஆட்டின் கீழ் இமையை விலக்கி உட்புறத்தின் நிறத்தைப் பார்த்தாலே இரத்தசோகையின் அளவு தெரியும் என்பதை ஒரு வண்ண அட்டையாக மாற்றினார். அவர் பெயரை வைத்தே ஃபமாச்சா என்று அதற்குப் பெயர். 1 என்றால் நல்ல சிவப்பு, 5 என்றால் வெள்ளை. 4, 5 வந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. குட்டி, சினையாடு என்றால் 3க்கும். ஒரு மந்தையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆடுகள்தான் புழுக்களில் பெரும்பகுதியைச் சுமக்கின்றன என்பதால் இது வேலை செய்கிறது. மருந்துச் செலவும் குறையும், எந்த ஆடு அடிக்கடி வெளுக்கிறதோ அதை இனப்பெருக்கத்திலிருந்து நீக்கவும் முடியும். இதற்கும் எல்லை உண்டு. இரத்தம் குடிக்காத புழுவை இது காட்டாது. ஈரல் தட்டைப்புழு, உண்ணி என்று வேறு காரணங்களாலும் இமை வெளுக்கும். மாட்டுக்கு இது ஆகாது.

எனக்கு ரொம்பவும் வருத்தம் தரும் இடம் ஒன்று இருக்கிறது. ‘மரபு’ என்று பேசுகிற கையேடுகள் மரபில் உண்மையிலேயே வேலை செய்த பகுதியை விட்டுவிடுகின்றன. விருதுநகர்ப் பக்கம் கிடை போடும் கீதாரி ஒருவரிடம் புழுவுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டபோது மருந்து பற்றி அவர் பேசவே இல்லை. ‘பனித்தண்ணி காயாம ஆட்ட எறக்கக் கூடாது தம்பி, வவுறு கெட்டுப்போவும்’ என்றார். ஹீமோன்கஸ் இளம்புழு ஈரப்படலம் இருக்கும்போதுதான் புல்மேல் ஏறும், வெயில் ஏறிக் காய்ந்தால் கீழே இறங்கிவிடும் என்று பாடப்புத்தகம் நான்கு பக்கத்தில் சொல்வதும் இதுதான். கிடையை ஒரே வயலில் ஓரிரு இரவுக்கு மேல் வைப்பதில்லை. முட்டை தொற்றும் பருவத்தை எட்டுவதற்குள் மந்தை இடம் மாறிவிடும். கோடையில் வேலங்காய் உலுக்கிப் போடுவார்கள். துவர்ப்பும் கிடைக்கிறது, ஆடு தரையோடு புல்லைக் கரண்டுவதும் குறைகிறது. ஆனால் இன்று தரிசு குறைந்து, ஓட்டிப்போக இடமில்லாமல், ஒரே துண்டு நிலத்தில் வருடம் முழுக்க முப்பது ஆட்டை அடைத்து மேய்க்கும்போது அந்த மரபு உடைந்துவிடுகிறது. உடைந்த இடத்தை ஒரு உருண்டையால் அடைக்கலாம் என்கிறார்கள். சீசாக்காரரும் சொல்வது அதையேதான்.

அட்டவணை எல்லா இடத்திலும் தப்பு என்றும் இல்லை. எருமைக் கன்றுக்கு உருளைப்புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். அதற்கு இரண்டு வாரம் ஆவதற்குள் மருந்து கொடுப்பது சரியான பழக்கம், அங்கே எண்ணிக்கொண்டிருந்தால் கன்று போய்விடும். அதேபோல இமை வெளுத்து, தாடை வீங்கின ஆட்டின் மேல் கஷாயப் பரிசோதனை வேண்டவே வேண்டாம். ஐந்து ஆடு வைத்திருப்பவருக்கு ஒரு ஆடு என்பது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அதற்கு அன்றைக்கே மருத்துவர் வேண்டும்.

உருண்டை வேலை செய்கிறது என்று உறுதியாக நம்புபவர்களிடம் நான் கேட்பது ஒரு சின்னச் சோதனை. நன்றாக இருக்கும் இருபது ஆடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றின் புழுக்கையிலும் முட்டையை எண்ணச் சொல்லுங்கள். பத்துக்கு உருண்டை, பத்துக்கு வெறும் வெல்லம். 14 நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். அந்த வெல்லப் பத்து கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வெயில் வந்தாலோ நல்ல தீவனம் கிடைத்தாலோ மருந்தே இல்லாமலும் எண்ணிக்கை இறங்கும். மருந்து ஊற்றுபவர்களும் இதையே செய்யணும். எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் உங்கள் பண்ணையில் அந்த மருந்தின் மேல் சந்தேகப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எண்ணுவதற்குத் தேவை ஒரு சாதாரண நுண்ணோக்கியும், உப்புக் கரைசலும், மெக்மாஸ்டர் என்ற கட்டம்போட்ட கண்ணாடிச் சில்லும்தான். நோய் ஆய்வுக்கூட வசதி இருக்கும் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். கொண்டுபோகும்போது தரையில் கிடந்ததைப் பொறுக்க வேண்டாம். ஆட்டிடமிருந்து நேரடியாகவோ அப்போதுதான் போட்டதாகவோ பத்துப் புழுக்கை எடுத்து, சின்னப் பிளாஸ்டிக் பையில் காற்று இல்லாமல் இறுக்கிக் கட்டி, எந்த ஆடு என்று மேலே எழுதி அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும், எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது.